தங்கப்பனுக்கு வலி வந்த அதிசயம்

கேரள எல்லைக்குள், பனச்சமூடு சந்திப்பில் லாட்டரிச் சீட்டு விற்கும் தங்கப்பனைப் பெயர் சொல்லித் தெரியாதவர்கள் உண்டு. அவருடைய வலது கையைத் தெரியாதவர்கள் அநேகமாக இல்லை. அருமனைப் பக்கத்திலிருந்து வரும் பேருந்துகள் ஆள் இறக்குகிற இடத்தில், விசிறியாக விரித்த சீட்டுகளோடு அந்தக் கை எல்லாத் தலைகளுக்கும் மேலே உயர்ந்து நிற்கும். தமிழ்நாட்டில் லாட்டரி கிடையாது. அதனால் அதிர்ஷ்டம் தேவைப்படுகிற தமிழ்நாட்டுக்காரர்கள் பேருந்து ஏறித்தான் வரவேண்டும். வந்து இறங்குகிறவர்களுக்கு எங்கே போகவேண்டும் என்று யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை. கையைப் பார்த்து நடந்தால் போதும்.

இருபது வருஷத்துக்கு மேலாக அப்படி நின்ற கை, போன மழைக்காலத்தில் மேலே போக மறுத்தது. முதலில் சட்டை போடும்போது வலித்தது. பிறகு தலை சீவும்போது. பிறகு வலது பக்கமாகப் புரண்டு படுக்கும்போதெல்லாம் யாரோ தோளுக்குள் கையை விட்டுத் திருகுவதுபோல் இருந்தது. வைத்தியர் தந்த குழம்பும் தைலமும் வெந்நீர் ஒத்தடமும் தம்மால் ஆனதைச் செய்து பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டன. கடைசியில் மனைவி ஆனந்தபாய் அவரை நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். படம் எடுத்துப் பார்த்த எலும்பு டாக்டர், தோளைத் தூக்கும் தசைநார் கிழிந்திருக்கிறது, துளை போட்டுத் தைக்கவேண்டும் என்றார்.

"என்ன ஜோலி? சுமடு எடுக்கிறதா?"

"லாட்டரியாக்கும் டாக்டரே."

டாக்டர் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். மூட்டை தூக்கித் தோள் போனவர்களை அவர் நிறைய பார்த்திருக்கிறார். காகிதம் தூக்கித் தோள் போனவர் இவர்தான் முதல்.

தங்கப்பனைப் பற்றி இங்கே இரண்டு விஷயம் சொல்லியாகவேண்டும். ஒன்று, வலி என்றால் அவருக்குப் பெரிய பயம். பல் பிடுங்கப் போனவர் நாற்காலியிலிருந்து எழுந்து வீட்டுக்கு வந்த கதை அவருடைய ஊரான குன்னத்துகாலில் பலருக்கும் தெரியும். இன்னொன்று, அவருடைய அக்கா புஷ்பபாய்.

புஷ்பபாயை அருமனையில் கட்டிக்கொடுத்திருந்தது. மிஷன் காலத்துச் சபையில் பிறந்து வளர்ந்தவள். பெண்கள் சங்கத்தில் ஜெபம் பண்ண நின்றால் அவள் முடிக்கும்வரை யாரும் இருமக்கூட மாட்டார்கள். தம்பி ரப்பர் பால் வெட்டுக்குப் போவதை விட்டுவிட்டு லாட்டரித் தட்டுக்கடை போட்டான் என்று கேள்விப்பட்ட வாரம், அவள் குன்னத்துகாலுக்கு வந்தாள். ஆனந்தபாய் சாயா கொடுத்தாள். புஷ்பபாய் கிளாஸைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டாள்:

"இந்த சீனியும் தேயிலையும் எந்தக் காசில வாங்கினது?"

அவள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு இறங்கிப் போனாள். சூதாட்டக் காசில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தன் தொண்டையில் இறங்காது என்று வழியில் பார்த்த எல்லாரிடமும் சொன்னாள். அதற்குப்பின் கல்யாண வீடுகளிலும் அடக்கத்துக்குப் போன இடங்களிலும் இருவரும் வேறுவேறு வரிசையில் உட்கார்ந்தார்கள். பனச்சமூட்டில் பேருந்து மாறவேண்டி வந்தால், அவள் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கமாகப் போவாள். மழை இல்லாத நாளிலும் குடை உண்டு.

ஆபரேஷனுக்கு முன்னால், மயக்கம் கொடுக்கும் டாக்டர் வந்து தங்கப்பனின் கட்டிலருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். ஆர்யா என்று பெயர். சின்ன வயசு. ஊர் நெய்யாற்றின்கரைதான். ஆனந்தபாய் அப்போது கீழே மருந்துக்கடையில் நின்றுகொண்டிருந்தாள்.

"அங்கிள், கழுத்துக்குப் பக்கத்தில ஒரு ஊசி போடுவோம். ஸ்கேன் மெஷின்ல பாத்து, கைக்குப் போற நரம்புக்குப் பக்கத்தில மருந்து விடுவோம். கை மொத்தமா மரத்துப் போவும். ஆபரேஷன் கழிஞ்சு நாளைக்கு வரைக்கும் வேதனை அறியாது."

"நாளைக்கு வரைக்குமா?"

"ஏகதேசம். சிலருக்கு மரப்பு கொஞ்சம் முன்ன இறங்கும், சிலருக்கு கொஞ்சம் பின்ன. இன்னொரு காரியம் உண்டு. அந்த மருந்து பக்கத்தில உள்ள நரம்புகளையும் தொடும். வலத்த கண்ணு பாதி மூடினது போல இருக்கலாம். சத்தம் கம்மலாம். மூச்சு இழுக்க கொஞ்சம் பாரமா தோணும். பேடிக்கண்டா, பயப்பட ஒண்ணுமில்லை. மருந்து இறங்கும்போ எல்லாம் சரியாவும்."

"செரி டாக்டரே."

"இனி முக்கியமானது. குளிகை தருவோம், வேதனைக்கு உள்ள மாத்திரை. வேதனை இல்லியேன்னு அதை விட்டுரப்பிடாது. கை மரத்து இருக்கும்போதே தின்னணும். மருந்து இறங்கின பிறகு தின்னா பிடிச்சு நிறுத்த முடியாது, வேதனை மொத்தமா சேர்ந்து வரும். மனசிலாயா?"

"செரி டாக்டரே."

இரண்டு தடவையும் அவர் ஒரே மாதிரிதான் தலையாட்டினார். ஆனால் 'வேதனை அறியாது' என்ற சொல் காதில் விழுந்ததுமே அவர் மனம் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டிருந்தது. அதற்குப் பிறகு டாக்டர் சொன்னதெல்லாம் அறைக்கு வெளியே வண்டி போகிற சத்தம் மாதிரி கேட்டது.

சாயங்காலம் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அறைக்குக் கொண்டுவந்து படுக்கவைத்தபோது தங்கப்பனுக்குத் தன் வலது கையைக் காணவில்லை. கண்ணால் பார்த்தால் இருந்தது. தொட்டிலில் போட்ட பிள்ளை மாதிரி துணிப்பட்டைக்குள் நெஞ்சின்மேல் கிடந்தது. இடது கையால் தொட்டுப் பார்த்தார். பக்கத்துக் கட்டில்காரனின் கையைத் தொட்டதுபோல் இருந்தது. நகத்தால் கிள்ளினார். கிள்ளுகிற விரலுக்குத்தான் தெரிந்தது, கிள்ளு வாங்கின விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றைக்கு அவர் குறட்டை விட்டுத் தூங்கினார்.

காலையில் நர்ஸ் புட்டும் பழமும் தின்றாயிற்றா என்று பார்த்துவிட்டு, கையில் இரண்டு குளிகைகளைக் கொடுத்தாள்.

"வலி இல்லாதவனுக்கு எதுக்கு சிஸ்டரே குளிகை?" என்றார் தங்கப்பன். குரல் காற்றாகத்தான் வந்தது.

"டாக்டர் பறஞ்சிட்டுண்டு. தின்னணும்."

நர்ஸ் திரும்பியதும் அவர் குளிகைகளைப் பழத்தோலுக்குள் வைத்து மடித்தார். அவருக்குக் குளிகை என்றால் வயிறு எரியும். இல்லாத வலிக்காக இருக்கிற வயிற்றை எரியவிடுவானேன் என்பது அவருடைய கணக்கு. தட்டை எடுக்க வந்தவள் எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த நேரத்தில்தான் காட்டாக்கடையில் கட்டிக்கொடுத்த மகள் ஜின்சி வந்தாள். அப்பாவைப் பார்த்ததும் போனை எடுத்து ஒரு படம் பிடித்து, குடும்பக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். 'அப்பாவுக்க ஆபரேஷன் கழிஞ்சு. எல்லாரும் ஜெபிச்சுக்கணும்' என்று கீழே எழுதினாள். நல்ல எண்ணத்தில் போட்டதுதான்.

குவைத்திலிருந்து அவளுடைய சித்தப்பா மகன் வினீத் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். ஏ.சி. மெக்கானிக் அவன். ஒரு கண் ஏன் பாதி மூடியிருக்கிறது என்று கேட்டான். ஜின்சி பார்த்தாள். மூடித்தான் இருந்தது. கை அசைகிறதா என்று கேட்டான். அசையவில்லை என்று எழுதினாள். பேச்சு வருகிறதா? சரியாக வரவில்லை. மூன்று பதிலும் உண்மை. மூன்றையும் கூட்டிப் பார்த்த வினீத், 'இது ஸ்ட்ரோக். ஆஸ்பத்திரிக்காரங்க மறைக்காங்க' என்று முடிவு சொன்னான்.

பதறிப்போன ஜின்சி நர்ஸிடம் ஓடினாள். நர்ஸ் சிரித்துக்கொண்டே, ஊசியால் வந்தது, வாய் கோணவில்லை பார், கால் இரண்டும் அசைகிறது பார், மருந்து இறங்கினால் சரியாகிவிடும் என்றாள். ஜின்சி அதையும் குழுவில் எழுதினாள். ஆனால் அதற்குள் அழுகிற பொம்மைகளும் கூப்பிய கைகளும் வேத வசனங்களுமாக வந்து விழுந்து, அவள் எழுதியது எங்கோ அடியில் போய்விட்டது. அதைப் படித்த ஒன்றிரண்டு பேரும், பிள்ளையைச் சமாதானப்படுத்த ஆஸ்பத்திரியில் அப்படித்தான் சொல்லுவார்கள் என்று எடுத்துக்கொண்டார்கள்.

உச்சிப்பொழுது நெருங்கும்போது அறைக் கதவு திறந்தது. புஷ்பபாய் நின்றாள். பின்னால் ஜெபக்குழுவைச் சேர்ந்த மூன்று பெண்கள். ஸ்ட்ரோக் என்று கேள்விப்பட்டு அருமனையிலிருந்து ஒரு ஜீப் பிடித்து வந்திருந்தார்கள்.

ஆனந்தபாய் எழுந்து எதிரே போனாள். "வாருங்க மைனி. பேடிக்காண்டாம். ஊசி போட்டதினால இப்பிடி இருக்கு. அது மாறிரும் எண்ணு நர்ஸ்..."

"எனக்கிட்ட ஒண்ணும் மறைக்காண்டாம் ஆனந்தம்" என்றாள் புஷ்பபாய். "எனக்கு தாங்குவதுக்கு பெலன் உண்டு."

அவள் கட்டிலருகே வந்தாள். தம்பியின் முகத்தை இத்தனை பக்கத்தில் பார்த்து எத்தனையோ வருஷமாகியிருந்தது. பாதி மூடிய கண்ணையும் நெஞ்சின்மேல் கிடந்த கையையும் பார்த்தாள்.

"எலே தங்கப்பா. என்னைத் தெரியுதா மக்கா?"

தங்கப்பனுக்கு நன்றாகத் தெரிந்தது. அக்கா, எனக்கு ஒன்றுமில்லை, இது மரக்கிற ஊசியாக்கும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். கம்மிய தொண்டையிலிருந்து, "க்கா... ஊசி... ஊசி..." என்று காற்று வந்தது.

"நாக்கு குழறுது" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

"பேசாண்டாம். நீ கண்ணை மூடு" என்றாள் புஷ்பபாய். ஒரு கண் ஏற்கெனவே அந்த வேலையைப் பாதி முடித்திருந்தது. தங்கப்பன் மற்றதையும் மூடிக்கொண்டார். அக்கா தன்னிடம் பேசுகிறாள் என்பதே அவருக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அதைத் திருத்தப் போய் கெடுப்பானேன் என்றும் தோன்றியது.

புஷ்பபாய் மரத்துக் கிடந்த கையின்மேல் தன் கையை வைத்து ஜெபிக்கத் தொடங்கினாள். தங்கள் அம்மாவைச் சொன்னாள். சின்ன வயதில் ஆறு இழுத்துக்கொண்டு போன தம்பியை ஆண்டவர் மீட்டுக் கொடுத்ததைச் சொன்னாள். தன் மனம் கல்லாகிப் போனதையும் சொன்னாள். ஜின்சி அழுதாள். நர்ஸ் சொல்லி ஊசி விஷயம் முழுக்கத் தெரிந்த ஆனந்தபாய்க்கும் கண் நிறைந்தது. பிறகு புஷ்பபாய் குரலைச் சற்று உயர்த்தினாள்.

"ஆண்டவரே, இந்தக் கைக்கு உயிரு தரணும். தந்தா இந்தக் கை இனி லாட்டரிச் சீட்டைத் தொடாது. அவனுக்காக நான் பொருத்தனை பண்ணுகேன்."

தங்கப்பன் சட்டென்று கண்ணைத் திறந்தார். இதைத் திருத்தியே ஆகவேண்டும். "அக்கா, இல்ல... அது..." என்று எழ முயன்றபோது அவருடைய சுண்டுவிரல் அசைந்தது. பிறகு பக்கத்து விரல். கையின்மேல் வைத்திருந்த உள்ளங்கைக்கு அது தெரிந்தது. புஷ்பபாய் பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தாள். அறையில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். பெருவிரலும் மடங்கி நிமிர்ந்தது.

யாரும் சத்தம் போடவில்லை. அந்தச் சபைக்காரர்களுக்குச் சத்தம் போட்டுப் பழக்கமில்லை. பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி மெல்லத் தரையில் முழந்தாளிட்டாள்.

விரல்களுக்குப் பின்னாலேயே வலி வந்தது. முதலில் தோளின் உள்ளே ஒரு சூடு. தங்கப்பன் அதை அக்காவின் கைச்சூடு என்று நினைத்தார். கொஞ்ச நேரத்தில் அது முழங்கை வரை இறங்கி, மறுபடி மேலேறி, கழுத்தைப் பிடித்தது. துளை போட்ட இடம், தைத்த இடம், கருவி விட்டுத் துழாவின இடம் என்று நேற்றுச் சாயங்காலம் முதல் காத்துக்கொண்டிருந்த அத்தனையும் ஒரே வாசல் வழியாக உள்ளே வந்தன. வியர்த்துக் கொட்டியது. குரலும் அந்த நேரம் பார்த்துத் திரும்பி வந்திருந்தது. "அம்மோ, எனக்க தோளு" என்று அவர் போட்ட சத்தம் வராந்தாவின் அந்தக் கோடியில் இருந்தவர்களுக்குக் கேட்டது.

"உணர்வு வந்திட்டு" என்றாள் புஷ்பபாய். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. "ஸ்தோத்திரம். நல்லா அழு மக்கா."

நர்ஸ் ஓடிவந்தாள். டாக்டர் ஆர்யாவும் வந்தாள். கையைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், கட்டிலில் மாட்டியிருந்த மருந்துச் சீட்டைப் பார்த்தாள்.

"காலத்தே நர்ஸ் தந்த குளிகையைத் தின்னீங்களா அங்கிள்?"

தங்கப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். "இல்ல."

"நான் அத்தனை சொன்னேனே. அதில எந்தப் பகுதி கேட்டீங்க?"

"வேதனை அறியாதுங்கிற பகுதி."

ஆர்யா டிரிப் வழியாக மருந்து ஏற்றச் சொன்னாள். தோளின்மேல் ஐஸ் பை வைக்கச் சொன்னாள், தலைப்பக்கத்தை உயர்த்திச் சாய்த்து உட்காரவைத்தாள். "வரும்முன்ன நிறுத்துறது எளுப்பம். வந்து உட்கார்ந்ததை எழுப்பி விடுறதுக்கு சமயம் பிடிக்கும். கொஞ்சம் பொறுக்கணும்" என்றாள்.

பிறகு, அருமனையிலிருந்து வந்த நாலு பெண்களும் தன்னையே பார்ப்பதைக் கவனித்து, அவர்களுக்கும் பொறுமையாக விளக்கினாள். ஊசி, நரம்பு, கண், குரல், குளிகை எல்லாவற்றையும் சொன்னாள். புஷ்பபாய் நடுவில் பேசாமல் முழுவதும் கேட்டாள்.

"செரி மோளே. மருந்துதான் கையை மரக்க வச்சது. மருந்து இறங்கினப்போ கை எழும்பிச்சு. அப்படித்தானே?"

"அதே அம்மச்சி."

"எப்போ இறங்கும் எண்ணு உனக்கு தெரியுமா?"

"கரெக்டா சொல்ல ஒக்காது. ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி."

"நான் கை வச்சு ஜெபிச்ச நேரத்தில இறங்கிச்சு. அந்த நேரத்தை வச்சது ஆரு?"

ஆர்யா படித்த புத்தகத்தில் அந்தக் கேள்வி இல்லை. "அம்மச்சி கொஞ்சம் அந்த ஐஸ் பையைப் பிடிச்சுக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

புஷ்பபாய் பிடித்துக்கொண்டாள். மற்ற பெண்களை ஜீப்பில் அனுப்பிவிட்டு அவள் மட்டும் இருந்தாள். கை மாற்றி மாற்றிப் பையைப் பிடித்தபடி, தங்கப்பன் முனகும்போதெல்லாம் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள். வலி ஒரேயடியாகப் போகவில்லை. வந்த விருந்தாளி புறப்படுவதுபோல எழுந்து, வாசலில் நின்று பேசி, திரும்ப உட்கார்ந்து, ஒருவழியாகச் சாயங்காலத்துக்குத்தான் அடங்கியது. அடுத்த வேளைக் குளிகையை நர்ஸ் கொண்டுவந்தபோது தங்கப்பன் அவள் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி விழுங்கினார்.

இதற்கிடையில் ஸ்ட்ரோக் செய்தி கேட்டுப் புறப்பட்டவர்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். பாறசாலையிலிருந்து ஒரு சித்தி வந்தாள். வெள்ளறடையிலிருந்து லாட்டரி ஏஜென்ட் வந்தார். பனச்சமூட்டில் சாயாக்கடை வைத்திருக்கும் உண்ணி கடையை மூடிவிட்டே வந்தான். வந்தவர்கள் பார்த்தபோது தங்கப்பனின் கண் இரண்டும் முழுதாகத் திறந்திருந்தன. பேச்சும் தெளிவாக இருந்தது.

"ஒண்ணும் இல்லியே" என்றான் உண்ணி. கொஞ்சம் ஏமாற்றம் மாதிரிகூட இருந்தது.

"தோளு உயிரு போவுது உண்ணியே."

"ஓ, அது ஆபரேஷன் செய்ததில்லியா. அது வேதனிக்கும்" என்று சொல்லிவிட்டு அவன் ஜின்சியிடம் போய் அதிசயம் நடந்த விதத்தைக் கேட்கத் தொடங்கினான். இல்லாத நோய்க்கு ஊரே அழுதுவிட்டது. இருக்கிற வலிக்கு அழ யாரிடமும் கண்ணீர் மிச்சம் இல்லை.

வீட்டுக்குப் போகிற அன்றைக்குப் புஷ்பபாயும் கூட வந்தாள். ஆனந்தபாய் அடுப்படியில் வெகுநேரம் நின்றாள். சாயா போடலாமா, போட்டால் பழைய கேள்வி வருமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் போட்டாள். புஷ்பபாய் கிளாஸை வாங்கி, ஊதி, குடித்தாள். சீனி இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றாள். இப்போதும் அதே லாட்டரிக் காசில் வாங்கிய சீனிதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் தங்கப்பன் சாட்சி சொல்லவேண்டும் என்று ஏற்பாடாகியிருந்தது. அவருக்கு இரண்டு பக்கமும் இடி. நடந்தது ஊசிதான் என்று சொன்னால் அக்கா மறுபடி குடையை விரிப்பாள். அதிசயம் என்று சொன்னால் பொய். ஆராதனை நடக்கிற இடத்தில் பொய் சொல்ல அவருக்குப் பயமாகவும் இருந்தது. துணிப்பட்டையில் கையைத் தொங்கவிட்டபடி முன்னால் போய் நின்றார்.

"எனக்க கை செத்தது போல கிடந்துது" என்றார். "அக்கா வந்து ஜெபிச்சா. அப்போ கைக்கு உயிரு வந்துது. ரொம்ப வலிச்சுது. இப்பவும் வலிக்குது."

ஒவ்வொரு வாக்கியமாக எடுத்துப் பார்த்தால் பொய் எதுவும் இல்லை. சபையார் தலையாட்டினார்கள். போதகர் அவர் தோளைத் தட்டப் போய், நல்லவேளையாகக் கடைசி நேரத்தில் இடது தோளைத் தட்டினார்.

கடையை அந்த வாரங்களில் ஆனந்தபாய்தான் பார்த்துக்கொண்டாள். அவள் சீட்டை உயர்த்திப் பிடிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து தட்டில் அடுக்கி வைத்தாள். வியாபாரம் படுக்கும் என்றுதான் நினைத்தாள். ஆனால் உண்ணியின் சாயாக்கடை சந்திப்பின் நடுவில் இருந்தது. அங்கே சாயா குடித்தவர்கள் எல்லாரும் அதிசயத்தையும் சேர்த்துக் குடித்துவிட்டுப் போனார்கள். பேருந்திலிருந்து இறங்குகிறவர்கள், "அந்தக் கைக்காரர் எங்க?" என்று விசாரித்தார்கள். ஆண்டவர் தொட்டு எழுப்பிய கையால் ஒரு சீட்டு எடுத்துத் தந்தால் போதும் என்றார்கள். அதில் பாதிப்பேர் சபைக்கே போகாதவர்கள். கோயிலுக்குப் போகிற வழியில் நெற்றியில் சந்தனத்தோடு வந்து கேட்டவர்களும் உண்டு.

தங்கப்பன் கடைக்கு வந்து உட்காரத் தொடங்கியபோது கூட்டம் கூடிவிட்டது. அவர் இடது கையால் சீட்டை எடுத்துக் கொடுத்தார். வாங்குகிறவர்கள் வலது கையைப் பார்த்தார்கள்.

"அந்தக் கையால தாருங்க."

"அது பொருத்தனைக் கையாக்கும். சீட்டைத் தொடாது."

தொடாது என்று கேட்டதும் அந்தக் கையின் மதிப்பு இன்னும் ஏறியது. தொடவேண்டாம், சீட்டை அதன் பக்கத்தில் ஒரு நிமிஷம் காட்டிவிட்டுத் தந்தால் போதும் என்றார் களியலிலிருந்து வந்த ஒருவர்.

இது அருமனைக்கு எட்ட அதிக நாள் ஆகவில்லை. ஒரு நாள் காலையில் புஷ்பபாய் பேருந்திலிருந்து இறங்கினாள். குடை மடங்கியே இருந்தது. நேராகக் கடைக்கு வந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். தன் ஜெபம் என்ன வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. அதிசயம் நடக்கவில்லை என்று சொல்ல அவளால் முடியாது. நடந்தது என்று சொன்னால் இந்தக் கூட்டத்தைக் கலைக்க முடியாது.

"நான் சொல்லவே இல்லக்கா. உண்ணியாக்கும்" என்றார் தங்கப்பன்.

புஷ்பபாய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவருடைய வலதுபக்கமாக உட்கார்ந்தாள். "இந்தக் கை சீட்டைத் தொடுதா இல்லையா எண்ணு நான் பாக்கணும்" என்றாள்.

அதற்குப் பிறகு வாரத்தில் பல நாள் அவள் வந்தாள். சீட்டு வாங்க வருகிறவர்களிடம், உழைத்துச் சாப்பிட வேண்டியதைப் பற்றிச் சொல்லுவாள். அவர்கள் செருப்பைக் கழற்றாத குறையாக நின்று கேட்பார்கள். ஜெபித்த அம்மச்சி வாயாலேயே நாலு வார்த்தை கிடைத்த திருப்தியில், இன்னொரு சீட்டும் சேர்த்து வாங்கிக்கொண்டு போவார்கள். அவள் வராத நாள்களில், அம்மச்சி என்றைக்கு வருவார் என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள்கூட உண்டு.

ஒரு நன்மை நடந்தது. ஆஸ்பத்திரியில் தோளுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்திருந்தார்கள். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டுச் சுழற்ற வேண்டும். சுவரில் விரலை வைத்து மேலே மேலே நடத்திக்கொண்டு போகவேண்டும். வலிக்குப் பயந்த தங்கப்பன் வீட்டில் அதைத் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தார். புஷ்பபாய் விடவில்லை. ஆண்டவர் தந்த கையை மடக்கி வைத்திருக்க நீ யார் என்று கேட்டாள். முதலில் குளிகை விழுங்கவைத்து, அது வேலை செய்யத் தொடங்கும் நேரம் பார்த்துக் கடைச் சுவரில் கையை ஏற்றவைத்தாள். டாக்டர் சொன்னதில் தம்பி கேட்காமல் விட்ட பகுதியை அவள்தான் முழுதாகக் கேட்டிருந்தாள். அடுத்த தடவை பார்த்த எலும்பு டாக்டர், இந்த வயதில் இவ்வளவு சீக்கிரம் கை எழும்பியது நல்ல காரியம் என்றார். தங்கப்பன் ஓரக்கண்ணால் திரும்பிப் பார்த்தார். அக்கா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

போன வாரம், மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில், புஷ்பபாய் சேலையைச் சற்றே ஒதுக்கி முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். இரண்டு முட்டியும் வீங்கியிருந்தன. தங்கப்பன் அப்போதுதான் அதைப் பார்த்தார்.

"இது எப்போ தொட்டு?"

"கொஞ்ச நாளாட்டு உண்டு. முழங்கால் படியிட முடியல்ல. மார்த்தாண்டத்தில ஒரு டாக்டர் ஆபரேஷன் செய்து முட்டு மாத்தணும் எண்ணு சொன்னான்." அவள் சாலையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "எலே, அந்த ஊசி போடும்போ நோவுமா?"

"எறும்பு கடிச்ச மாதிரியாக்கும். முதுகில போடுவாங்களாம் இதுக்கு. இடுப்புக்குக் கீழ மரத்துப் போவும்."

"மரத்துப் போனா பிறகு வலி வருமில்லியா, உனக்கு வந்ததுபோல?"

"குளிகையை நேரத்துக்குத் தின்னா அங்ஙன வராது."

புஷ்பபாய் சேலையை இழுத்து முட்டியை மூடினாள். "ஜெபத்துக்கு ஆளு வேணும். ஜெபக்குழுவில சொல்லணும்."

"சொல்லு. எல்லாரும் வரட்டு" என்றார் தங்கப்பன். "ஆனா வெளிய நிக்கட்டு. உள்ள நான் இருக்கேன். நர்ஸ் குளிகை கொண்டு வரும்போ நீ வாயைத் திறக்கணும், அதை நான் பாக்கணும்."

பேருந்து வந்தது. அவள் அவருடைய இடது தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மெதுவாக நடந்துபோய் ஏறினாள்.